'முடிஞ்சுது' என்று சொன்ன நாள்

இந்த ஊரில் நான் கழுவிய தங்கம் ஒரு நாளும் மஞ்சளாக இருந்ததில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், மன்னார்ப் பேசாலையில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். எண்ணூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையோரம், ஒரு மாடியில் இரண்டு அறை. அங்கே தங்கம், மீன் பொரித்த சட்டியின் அடி மாதிரி சாம்பல் நிறப் பொடியாக ஃபில்டர் தாளில் ஒட்டிக்கிடக்கும். அதைக் கழுவுவதுதான் என் வேலை. கும்மிடிப்பூண்டி அகதி முகாமிலிருந்து காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்புவேன். அடையாள அட்டை கேட்காமல், எங்கிருந்து வந்தாய் என்று துருவாமல், இந்த வயதில் எனக்குக் கிடைத்த ஒரே வேலை அது.

அந்த அறையை நடத்தியவள் பாத்திமா. தண்டையார்பேட்டைப் பிள்ளை, வேதியியல் படித்தவள். தங்க உப்பையும் பல்லேடியம் என்ற இன்னொரு உலோகத்தின் உப்பையும் தண்ணீரில் கரைத்து, வெள்ளைப் பொடி ஒன்றைக் கொட்டிச் சுழலவிடுவாள். ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் மஞ்சள் தண்ணீர் தேயிலைச் சாயமாகும். பிறகு சாயம் முழுவதையும் பொடி குடித்துவிட, தண்ணீர் தெளிந்து நிற்கும். இரண்டு உலோகமும் கண்ணுக்குத் தெரியாத மணிகளாகக் கலந்து பொடியின் மேல் உட்கார்ந்திருக்கின்றன என்பாள். அதில் ஒரு சிட்டிகையை ஓர் எண்ணெயில் போட்டுச் சூடாக்கி ஆக்சிஜனை விட்டால் அறை முழுக்கப் பாதாம் வாசம் வரும்.

"காத்துல கீறத புடிச்சி எண்ணெக்கு குடுக்கும் ஆயா. அது மட்டும் அப்டியே கீது பாரு. கமிஷன் வாங்காத தரகரு," என்று சிரிப்பாள்.

ஆயா என்று அவள் கூப்பிட்டது எனக்கு முதலில் பொறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பிள்ளை பார்க்கும் வேலைக்காரி. நானோ கரைவலை வைத்திருந்த வீட்டுப் பெண். இங்கே அது பாட்டிக்கும் சொல்கிற பெயராம். அவள் எதை நினைத்துக் கூப்பிடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் பழக்கமில்லை.

கழுவும்போது உப்பு மிச்சம் நிற்கக் கூடாது. நின்றால் ஃபர்னஸ் சூட்டில் மணிகள் ஒன்றையொன்று தேடிப்போய்க் கட்டியாகிவிடும். கட்டியான தங்கம் அந்த வேலைக்கு உதவாது. அதனால் கேனில் வரும் வடித்த தண்ணீரைச் சுடவைத்து ஏழு தடவை ஊற்றவேண்டும். எங்கள் வளவுக் கிணற்றில் நாக்கால் உப்புப் பார்த்தவள் நான். இது நாக்குக்குத் தெரியாத உப்பு. அந்தக் கிணற்றில் வெயில் காலத்தில் வாளி சேற்றைத் தட்டினால் 'முடிஞ்சுது' என்று சத்தம் போடுவோம். பின்னால் நிற்கிறவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, ஊறும்வரை குந்தியிருப்பாள்.

வாசனைச் சரக்குச் செய்யும் ஒரு கம்பெனிக்கு மாதிரி அனுப்ப வேண்டியிருந்தது. அது தேறாவிட்டால் அறையைப் பூட்டிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அன்றைக்கென்று பாத்திமா கேஸ் சிலிண்டர் விஷயமாக மணலிக்குப் போனாள். நான் மூன்று தடவை கழுவி, நாலாவதுக்குக் கேனைச் சாய்த்தேன். சொட்டு இல்லை. அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. லாரிச் சத்தத்துக்குள்ளிருந்து அவள் குரல்.

"ஆயா, கழுவுறது இன்னா ஆச்சு?"

"முடிஞ்சுது, பிள்ளை."

"சூப்பர். அப்டியே ஓவன்ல காய வச்சிடு. நான் லாரி நடுவுல மாட்டிகினு கீறேன்."

தண்ணீர் இல்லையென்றதும், படித்த பிள்ளை கழுவின மட்டும் போதும் என்று முடிவெடுத்திருப்பாள் என்று நினைத்தேன். திருப்பிக் கேட்டிருக்கலாம். ஒன்றும் தெரியாத கிழவி என்று நினைத்துவிடுவாளோ என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் வந்து, பார்சல் போகும் அவசரத்தில் உப்புச் சோதிக்காமலே ஃபர்னஸில் வைத்து எடுத்து அனுப்பிவிட்டாள்.

இரண்டு வாரத்தில், மாதிரி தேறவில்லை என்று பதில் வந்தது. எடுத்துவைத்த மிச்சத்தை அவளும் போட்டுப் பார்த்தாள். பாதாம் வாசம் வரவில்லை. பொடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சாம்பலாக இருக்கவேண்டியது நாவற்பழச் சாயம் தட்டியிருந்தது.

"உப்பு நின்னுட்ச்சி. ஏழு வாட்டி கழுவினல்ல?"

"மூண்டுதான். தண்ணி முடிஞ்சுது எண்டு சொன்னனே."

"தண்ணியா?" என்றாள். பொடியைக் கீழே வைத்துவிட்டு, "தீந்துபோச்சுன்னு சொல்லணும் ஆயா. நான் வேலை முடிஞ்சிச்சுன்னுல்ல நெனச்சேன்."

கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் கோபிக்கவில்லை. பிழை தன்னுடையது என்று முதலாளியிடம் சொன்னாள். அறையைப் பூட்டினார்கள். வேறு எங்காவது சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அட்டை கேட்காத இன்னொரு இடம் கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

கனடாவுக்கும் பிரான்சுக்கும் போன நம் சனம் ஒரு சொல் விளங்காவிட்டால், விளங்கவில்லை என்றாவது அறிந்துகொள்ளும். இங்கே தமிழுக்குள்ளேயே வந்து சேர்ந்த எங்களுக்கு அந்த வசதியும் இல்லை. விளங்கிவிட்டது என்றே இரண்டு பக்கமும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

பூட்டிய அன்று ரயில் மீஞ்சூரில் வெகுநேரம் நின்றது. முகாமுக்குள் நுழைந்தபோது குழாயடியில் மன்னார்க்காரி திரேசாவும், முகாமிலேயே பிறந்து வளர்ந்த அவள் மருமகளும் நின்றார்கள்.

"வேலை என்ன மாதிரி அக்கா?" என்று திரேசா கேட்டாள்.

"முடிஞ்சுது," என்றேன்.

மருமகள், "இன்னிக்கு வேல முடிஞ்சிச்சா, அப்ப உக்காருங்க, டீ போட்டுனு வரேன்," என்று வீட்டுக்குள் போனாள். திரேசா இடுப்பிலிருந்த குடத்தை மெல்லத் தரையில் இறக்கிவைத்தாள்.