மாப்பிள்ளை கையில் கால்குலேட்டர்

என் அத்தையைப் பெண் பார்க்கச் செய்யாரிலிருந்து வந்தவர்கள் பஜ்ஜியைக் கையில் எடுத்த நேரத்தில்தான் அத்தை கத்தினாள்.

"ஐயோ, சொருவாதீங்க!"

காபி கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்க வேண்டியவள், பாய்ந்து வந்து மாப்பிள்ளை கையிலிருந்த கால்குலேட்டரைப் பிடுங்கிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா கடித்ததை விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

அது செங்கல் போல் கனத்த பழைய புரோகிராம் கால்குலேட்டர். ஒரு கணக்கைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால், பிறகு ஒரே பொத்தானில் தானே செய்து முடிக்குமாம். கல்லூரி ஆய்வகத்தில் கழித்துப் போட்டதை அத்தை கேட்டு வாங்கி வந்து, ஒரு மாதமாகக் குடைந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். அலமாரியில் அதைப் பார்த்ததும் எடுத்து, சார்ஜர் ஒயரைச் செருகப் போயிருக்கிறார்.

"பேட்டரி இல்லாம கரண்ட் குடுத்தா உள்ள இருக்கற சிப்பு பூடும்ங்க," என்றாள் அத்தை.

அவர் கோபப்படவில்லை. "அப்படியா? தொறங்க, பாக்கலாம்," என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று.

பழைய பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்ததை அத்தை முன்பே எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்திருந்தாள். புது செல்லும் போட்டுப் பார்த்திருந்தாள். உயிர் வரவில்லை. இப்போது அவர் டார்ச் பிடிக்க, அவள் மீட்டரை வைத்து ஒவ்வோர் இடமாகச் சோதித்து வந்தாள். பார்வைக்கு முழுசாகத் தெரிந்த ஓர் ஒயர் உறைக்குள்ளேயே அரித்துப்போயிருந்தது. அதை வெட்டிவிட்டுப் புது ஒயரைப் பற்றவைத்தாள். கட்டியிருந்ததோ எங்கள் தறியில் அவளுக்கென்றே நெய்த பட்டு. அப்பா மாப்பிள்ளையைப் பார்க்காமல், புகைந்த சால்டரிங் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லைப் போட்டதும் சிவப்பாக ஒரு சைபர் எரிந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை அதை எடுத்துப்போய்த் தன் அம்மாவிடம் காட்டினார். "ஒண்ணுமில்லம்மா, ஒரு ஒயர்தான் போயிருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு மூச்சு வந்தது. பெண் பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் படியிறங்கிப் போனதும் அத்தை, "எனக்கு இவரு வேணாம்ணா," என்றாள்.

அப்பா வாசலிலிருந்து திரும்பினார். "இன்னா சொல்ற? உன்கூடத் தரையில குந்திகினு லைட் புடிச்சாரே!"

"ஆமா. லைட் புடிச்சாரு."

அவள் புடவையை மாற்றிக்கொண்டு வந்து கால்குலேட்டரின் திருகாணிகளை முடுக்கினாள். எனக்கு அழுகையாக வந்தது. ஒரு மாதம் செத்துக்கிடந்த பொருள் பிழைத்துவிட்டது. யார் பிழைக்கவைத்தால் என்ன என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.