இரண்டு இடப்பக்கக் குறடுகள்

இரத்தம் பட்ட குறட்டைச் சுடுதண்ணீரில் போடக்கூடாது. போட்டால் இரத்தம் இரும்போடு இறுகிவிடும், பிறகு எந்தப் பிரஷ்ஷுக்கும் அசையாது. முதலில் பச்சைத்தண்ணீர்தான். ஸ்காபரோவில் பல் அறுவைச் சிகிச்சை செய்கிற ஒரு கிளினிக்கின் பின்னறையில் வேலைக்குச் சேர்ந்த அன்று செலீன் படித்த முதல் பாடம் அது. முன்னாலே நாற்காலியில் யார் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. தட்டுத்தான் அவளிடம் வரும். ஈறிலிருந்து பல்லை நெம்பித் தளர்த்துகிற எலிவேற்றர், குழிக்குள் சுரண்டுகிற சின்னக் கரண்டி, தையல் ஊசியைப் பிடிக்கிற இடுக்கி, பிறகு பல்லைப் பிடித்து இழுக்கிற குறடுகள். கழுவித் துடைத்து, உறையில் இட்டு, நீராவி இயந்திரத்துக்குள் அடுக்குவாள். உறையில் இருக்கிற கோடு நிறம் மாறினால் சுத்தம் என்று அர்த்தம்.

இலங்கையில் மன்னார் நானாட்டானில் பிறந்தவள். மிசிசாகாவில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற அகஸ்ரினைக் கட்டிக்கொண்டு கனடாவுக்கு வந்தாள். ஒரு மகள், கட்டிக்கொடுத்தாயிற்று. கூடப் பிறந்தவன் எட்வேட் ஒருவன்தான். அவனும் பல் வேலைதான், ஆனால் அவன் நாற்காலிக்கு முன்பக்கம். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பல் பிடுங்குகிறவன்.

சண்டை நின்றிருந்த சமாதானக் காலத்தில் ஊருக்குப் போனபோது, கிளினிக்கில் கழித்துவிட்ட குறடுகளை டொக்ரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பெட்டிக்குள் கிடந்து சத்தம் போடும், ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமி கிண்டிப் பார்ப்பான் என்ற பயத்தில், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துவாயில் சுற்றி, உடுப்புகளுக்கு நடுவே செருகினாள். அங்கேதான் பிழை வந்தது. மேல் கடைவாய்ப் பல்லுக்கு இடப்பக்கத்துக்கு ஒரு குறடு, வலப்பக்கத்துக்கு ஒரு குறடு. கன்னப்பக்கம் பல்லுக்கு இரண்டு வேர். அந்த இரண்டு வேருக்கும் நடுவே போய் உட்காருவதற்குக் குறட்டின் ஒரு அலகில் கூர் இருக்கும். ஒன்று மற்றதன் கண்ணாடி நிழல் போல. செலீன் சுற்றிக் கொண்டுபோனது இரண்டும் இடப்பக்கத்துக்கு உரியவை.

எட்வேட் துவாய்களை அவிழ்த்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன அக்கா, கனடாவிலை சனத்துக்கு ஒரு பக்கம்தான் பல்லு முளைக்குதோ?"

"நக்கலடிக்காமல் வைச்சுக்கொள். அடுத்தமுறை மற்றதைக் கொண்டுவாறன்."

"அதுவரைக்கும் வலப்பக்கம் நோகிறவனை என்ன செய்யச் சொல்லுறாய்? அக்கா வருமட்டும் பொறு எண்டு சொல்லி அனுப்பவோ?"

அடுத்தமுறை வரவில்லை. மகளின் கலியாணத்துக்கு எட்வேட்டையும் மனைவி அன்ரனெற்றையும் செலீன் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி ஆட்களுக்குப் புலிகள் இயக்கம் வெளியே போகப் பாஸ் கொடுக்கவில்லை. அன்ரனெற் மட்டும் வந்தாள். வந்த இடத்தில், ஊரில் திரும்பச் சண்டை மூள, அகதி அந்தஸ்துக் கேட்டு, செலீன் வீட்டு பேஸ்மென்ற்றிலேயே தங்கிவிட்டாள். மார்க்கத்தில் ஒரு பக்ரறியில் பொதி கட்டுகிற வேலை கிடைத்தது. எட்வேட் போன் எடுக்கிறபோதெல்லாம் குறட்டுக் கதை சொல்லுவான். வலப்பக்கத்துப் பல்லென்றால் எலிவேற்றரால் நெடுநேரம் நெம்பி, இடப்பக்கக் குறட்டை முறைமாறிப் பிடித்துத்தான் எடுப்பானாம். அதற்கு முன்னால் நோயாளியிடம் சொல்லுவானாம்: "வலப்பக்கத்துக்குச் சாமான் இல்லை. கனடாவிலை இருக்கிற அக்காவின்ரை பிழை. அவவைத் திட்டிக்கொண்டு வாயைத் திறவுங்கோ." சனம் சிரித்து வாயைத் திறக்குமாம்.

கிளிநொச்சி ஆமியிடம் விழுந்தது. ஆஸ்பத்திரி இடம் மாறி இடம் மாறிக் கடற்கரை வரைக்கும் போனது. எட்வேட்டின் போன் நின்றது. சித்திரை, வைகாசி முழுக்க அன்ரனெற் வேலை முடிந்து நேரே, சண்டையை நிறுத்தச் சொல்லி நடந்த ஊர்வலங்களுக்குப் போனாள். சண்டை முடிந்தது என்று ரேடியோ சொன்ன அன்று செலீன் லீவு எடுக்கவில்லை. தட்டுகள் வந்தன, கழுவினாள். பிறகு எல்லா வீடுகளிலும் போல அவர்கள் வீட்டிலும் தேடுதல் தொடங்கியது. தப்பி வந்த சனத்தை ஆமி அடைத்துவைத்த முகாமுக்குள் கள்ளமாகப் போன் வைத்திருக்கிறவர்கள் யார், யாருக்கு யாரைத் தெரியும் என்று. ஒரு விதி எல்லாரும் கைக்கொண்டார்கள்: போனில் பெயர் சொல்லக்கூடாது, பெயர் கேட்கவும் கூடாது. கேட்ட பெயர் யார் காதில் விழும், அதற்குப் பிறகு ஆளைக் கடத்திக்கொண்டு போக யார் கூடாரத்துக்கு வெள்ளை வான் வரும் என்று தெரியாது.

ஆடி மாதம் கமலாம்பிகை போன் எடுத்தாள். செலீன் வந்த புதிதில் ஆங்கில வகுப்பில் பக்கத்தில் இருந்தவள். அவளுடைய தங்கை முகாமில்.

"செலீன், தங்கச்சிக்கு மேல்பல்லுப் பிடுங்கினதாம். கூடாரத்துக்குள்ளை ஒருத்தர் இருந்து பிடுங்கிறாராம். பிடுங்க முதல் என்ன சொன்னவராம் தெரியுமோ? வலப்பக்கத்துக்குச் சாமான் இல்லை, கனடா அக்காவைத் திட்டிக்கொண்டு வாயைத் திறவுங்கோ எண்டு. பல்லுக் கிளினிக்கிலை வேலை செய்யிற கனடா அக்கா உம்மைவிட்டால் ஆர்?"

செலீன் படிகளில் இறங்கி ஓடினாள். அன்ரனெற் அரிசி கழுவிக்கொண்டு நின்றாள்.

"அவன் இருக்கிறான். உயிரோடை இருக்கிறான். பல்லுப் பிடுங்கிறான்."

அன்ரனெற் ஈரக்கையோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "பேர் கேட்டவையோ, மச்சாள்?"

"பேர் எப்பிடிக் கேக்கிறது? உந்தக் கதையை வேறை ஆர் சொல்லுவினம்?"

கமலாம்பிகை தந்த முகாம் நம்பருக்கு அன்ரனெற் இரவு முழுக்க அடித்துப் பார்த்தாள், லைன் கிடைக்கவில்லை, நம்பர்தான் பாடமானது. அடுத்த நாளே பங்குச் சுவாமியாரிடம் போய் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் நன்றித் திருப்பலி கேட்டாள். எட்வேட் கிடைத்தால் பூசை வைப்பதாக நேர்ந்திருந்தாளாம். பூசை முடிய ஹோலில் எல்லாருக்கும் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுப்பதென்று ஓடர் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் முதன்முறையாக அவள் தலைமுடிக்குச் சாயம் பூசினதைச் செலீன் கண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், செலீன் பின்னறையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிற நேரம், கைபேசி அடித்தது. கமலாம்பிகையின் தங்கை சொல்லிவைத்து, பல் பிடுங்குகிற ஆளே கூப்பிட்டிருந்தார். மெல்லிய, அடங்கின குரல்.

"அக்கா, கனடா அக்காவோ?"

அது எட்வேட்டின் குரல் இல்லை.

"நான் சூசைதாசன். ஆஸ்பத்திரி வான் ஓடினனான். அண்ணைக்குக் கூடமாட நிண்டனான், உங்களுக்குத் தெரியாது."

பெயரைச் சொல்லிவிட்டானே என்ற பயம்தான் அவளுக்கு முதலில் வந்தது. பிறகுதான் மற்றது.

"அப்ப தம்பி எங்கை?"



"அண்ணை இல்லை, அக்கா. கடைசிக் கிழமை. பங்கருக்கு வெளியாலை ஒரு மனிசிக்குப் பல்லுப் பார்த்துக்கொண்டு நிண்டவர். நான் தண்ணிக்குப் போனனான். ஷெல் வந்து விழுந்து வெடிச்சிட்டுது. மனிசியும் இல்லை." பிறகு, அவள் கேட்காமலே சொன்னான்: "நான்தான் மண்ணுக்குள்ளை தாட்டனான். ஆழமாய்க் கிண்டேலாமல் போச்சு. குறடெல்லாம் என்னட்டை. எனக்கு அவர் காட்டித் தந்ததுதான் தெரியும்."

"கனடா அக்காவைத் திட்டுங்கோ எண்டு நீரோ சொன்னனீர்?"

"ஓம், அக்கா. அண்ணை சொல்லுறதைத்தான் நானும் சொல்லுறன். அதைச் சொன்னால்தான் சனம் வாய் திறக்குது. மனசிலை வைச்சுக்கொள்ளாதேங்கோ."

லைன் அறுந்துவிட்டது. தட்டுக் கொண்டுவந்த ஹரிப்ரியா, கோயம்புத்தூர்ப் பிள்ளை, டொக்ரரின் உதவியாள், வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னாச்சுக்கா? சாப்பிடலையா?"

"பசிக்கேல்லை. வைச்சிட்டுப் போம்."

வெள்ளி மாலை சொல்லலாம் என்று இருந்தாள். அன்ரனெற் பேஸ்மென்ற்றில் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றாள். சனி காலை சொல்லலாம் என்று இருந்தாள். அன்ரனெற் பாதி கேலியாக, "உங்கடை தம்பி வந்தால் முதல் உங்களுக்குத்தான் பல்லுப் பிடுங்குவார், வலப்பக்கம்," என்றாள். அகஸ்ரினிடம் மட்டும் சொன்னாள். அவர் கட்டிலின் விளிம்பில் இருந்தபடி, "பூசையை நிப்பாட்டு," என்றார். சுவாமியாருக்குப் போன் எடுத்தாள். அவர் வேறு பங்கில் இருந்தார். செய்தி விட்டுச் சொல்லுகிற மாதிரியான விஷயமா அது என்று வைத்துவிட்டாள். உண்மையில் அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். தானே கொண்டுபோய்க் கொடுத்த நம்பிக்கையைத் தானே பிடுங்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் வாசித்தார்: உயிரோடு கண்டுபிடிக்கப்பட்ட எட்வேட்டுக்காக இறைவனுக்கு நன்றியாக. கோயில் முழுக்கத் தலைகள் திரும்பின. அந்த வைகாசிக்குப் பிறகு அந்தக் கோயிலில் வாசிக்கப்பட்டதெல்லாம் செத்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்கான பெயர்கள்தான். நன்றி என்று வந்தது அன்றுதான். நற்கருணை அப்பம் வாங்க வரிசை எழும்பியது. அன்ரனெற் எழுந்து, செலீனுக்கு வழி விட்டு நின்றாள். செலீன் முழங்காலிலேயே இருந்தாள். பொய்யான பூசைக்குக் காரணமாக இருந்துகொண்டு அவள் எப்படி அந்த அப்பத்துக்கு நாக்கை நீட்டுவாள்.

ஹோலில் சனம் அன்ரனெற்றைச் சூழ்ந்துகொண்டது. சிலர் கையைப் பிடித்து அழுதார்கள். ஒருவர், "எங்களுக்கும் ஒரு நல்லது நடக்குமெண்டு இப்பதான் நம்பிக்கை வருது, பிள்ளை," என்றார். அன்ரனெற் கேத்திலை எடுக்கிற சாட்டில் செலீனைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏன் மச்சாள் நற்கருணை எடுக்கேல்லை?"

செலீன் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"உடம்புக்கு ஏதும் வருத்தமோ?"

தலையாட்டினாள், இல்லை என்று.

அன்ரனெற் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய கை கேத்திலில் இருந்து இறங்கியது.

"எப்ப தெரியும்?"

"வெள்ளிக்கிழமை. கதைச்சது வேறை ஆள். கூட நிண்ட ஆளாம்."

"தாட்டவையோ?"

"ஓம்."

வெளியே யாரோ சிரித்தார்கள். ஒரு கதிரை இழுபட்டது. செலீன், "நான் போய்ச் சனத்துக்குச் சொல்லி அனுப்பிவிடுறன், நீர் இரும்," என்று கதவுப்பக்கம் திரும்பினாள். அன்ரனெற் அவளுடைய சேலையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்கோ. அதுகள் சாப்பிட்டு முடியட்டும்."

கேத்திலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். செலீன் குசினி வாசலில் நின்று பார்த்தாள். கோப்பைகளில் தேத்தண்ணி விழுந்தது, ஒன்றிலும் சிந்தவில்லை. ஒரு வயதான பெண் கோப்பையை நீட்டினபடியே, தன் மகனைப் பற்றி விசாரிக்க அந்த முகாம் போன் நம்பரைத் தரமுடியுமா என்று கேட்டாள். அன்ரனெற் கேத்திலைக் கீழே வைத்தாள். கண்ணை மூடி நினைவுபடுத்தி, நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். பெண் விளங்கவில்லை என்று இன்னொருமுறை கேட்டாள். இன்னொருமுறையும் சொன்னாள்.