மூடியைத் திருப்பாத கோடை

என் கணவர் வெலிசார் ஓர் இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. முப்பத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் நாலரைக்கு எழுந்து, காபியை நின்றபடியே குடித்துவிட்டு, சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பார். பிடித்து உட்கார வைத்தால் முழங்கால் ஆடும். எனக்கு இதெல்லாம் பழக்கம்தான். ஆனால் நாங்கள் புத்வாவுக்குப் போக வேண்டியிருந்த அந்தக் கோடையில் அவர் பட்ட பாடும், என்னைப் படுத்திய பாடும் வேறு கணக்கு.

எங்கள் ஒரே மகள் ரோசந்தா கல்யாணமாகி, கடற்கரைப் பக்கம் புத்வாவுக்குப் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வருடா வருடம் அவள்தான் எங்கள் ஊரான உஜிட்சேவுக்கு வருவாள். அவள் வீட்டு வாசலை இவர் ஒரு தடவைகூட மிதித்ததில்லை. அந்த வருடம், ரொம்ப நாள் காத்திருந்து அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். ஆகஸ்ட் இரண்டாம் தேதி, புனித எலியா நாளில் ஞானஸ்நானம். மே தினத்தன்று போன் செய்தவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை.

"அப்பா இந்தத் தடவையும் வரலேன்னா, இனிமே நானும் அங்க வரமாட்டேன்மா. சொல்லிடு."

அவள் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை, சொன்னால் செய்வாள்.

இவர் ஏன் போவதில்லை என்பது தெருவுக்கே தெரியும். வீட்டுக்குள் மட்டும் பேச மாட்டோம். எண்பத்தெட்டில் மொராச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இவர் ஓட்டிய பஸ்ஸின் மேல் மலையிலிருந்து பாறை உருண்டு விழுந்தது. மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு வாத்தியார் அங்கேயே போய்விட்டார். டிரைவர் மேல் குற்றமில்லை என்று கோர்ட் சொன்னது. அடுத்த மாதமே உள்ளூர் பஸ்ஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்ட மனிதர், இருபத்தாறு வருடமாக அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்கவில்லை. புத்வாவுக்கு வழி அதுதான். ரயிலும் அதே மலையைத்தான் குடைந்துகொண்டு போகிறது.

ஆனாலும் வருகிறேன் என்றார். "நம்ம வண்டியிலயே போவோம், ஸ்டானா. ஆனா எஞ்சினை ஒரு பார்வை பாக்கணும்."

வண்டி என்பது எழுபத்தெட்டாம் வருடத்து ஸ்தோயாதின் கார். எங்கள் நாட்டில் பாதிப் பேர் அதில்தான் பிரசவத்துக்குப் போனார்கள், மீதிப் பேர் அதில்தான் பிறந்தார்கள். எங்களுடையதில் அன்று பூசிய பெயின்ட் இன்றும் உரியவில்லை. ஜூன் முதல் வாரம் ஊருக்கு வெளியே கதின்யாச்சா ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மூச்சு வாங்குது. காத்து பத்தலை. ஃபில்டரை மாத்தணும்," என்றார்.

ஆரம்பித்தது தலைவலி. முதலில் உள்ளூர்க் காகித ஃபில்டர். அதைப் போட்டும் ஏற்றத்தில் இழுக்கவில்லை. பிறகு இரண்டு மடங்கு விலையில் ஜெர்மன் காகிதம். அதுவும் இழுக்கவில்லை. அப்புறம் எண்ணெயில் நனைத்துப் போடும் ஸ்பாஞ்சு. என் பாத்திரம் கழுவும் தொட்டியில்தான் அதை அலசினார். அப்புறம் ஏதோ பழைய டிராக்டரிலிருந்து கழற்றிய, அடியில் எண்ணெய் நிற்கிற இரும்புக் குடம். அதை வைத்தால் பானெட் மூடவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு புத்வா வரை போகலாமா என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஞாயிறு தவறாமல் பழைய சாமான் சந்தைக்குப் போவார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். பழைய வண்டிச் சாமான் விற்கிற க்வோஸ்தென் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே தலையில் கைவைத்தான்.

"வெல்யாண்ணே, நீ எஞ்சினுக்கு ஃபில்டர் வாங்கறியா, இல்ல பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறியா? ஒருத்தன் குள்ளம், ஒருத்தன் குண்டு, ஒருத்தனுக்கு எண்ணெய் வடியுதுங்கற."

"உன் சரக்கு சரியில்லைடா."

"சரிதான். இந்தா, இது கடைசி மாப்பிள்ளை. இதுக்கு மேல என்கிட்ட ஆள் இல்ல."

அவன் கொடுத்தது கூம்பாக இருந்த சிவப்புத் துணி ஃபில்டர். பந்தய வண்டிக்காரர்கள் போடுவது. எஞ்சின் மேலிருக்கும் வட்ட டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு, நேரே கார்புரேட்டரில் மாட்ட வேண்டும். மாட்டிக்கொண்டு ஏற்றத்துக்குப் போனோம். சத்தம் கொஞ்சம் கூடத்தான். ஆனால் வண்டி ஒரு மூச்சில் மேலே போய் நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவர் முகத்தில் ஈயாடவில்லை. சாயங்காலமே அதைக் கழற்றிவிட்டார்.

"தூசி உள்ள போயிடும். இது சரிப்படாது," என்று பழைய டப்பாவையே திரும்ப மாட்டினார். இழுத்த ஒன்றையும் கழற்றுகிற மனிதரை என்ன செய்வது?

ஜூலை கடைசியில் ஒரு மத்தியானம், மகளுக்கென்று புகையில் வாட்டிய இறைச்சியையும் மிளகாய்த் துவையல் பாட்டில்களையும் வண்டியில் வைக்க கராஜுக்குப் போனேன். பானெட் திறந்திருந்தது. இவர் துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த டப்பாவின் மூடியைப் பார்த்தேன்.

எனக்கு எஞ்சின் தெரியாது. ஆனால் அந்த மூடி தெரியும். அதற்கு இரண்டு நிலை. குளிர்கால நிலையில் வைத்தால், புகைக்குழாய்ப் பக்கத்துச் சூட்டுக் காற்றை எஞ்சின் இழுக்கும். கோடைக்குத் திருப்பினால் வெளிக்காற்று. வெயில் நாளில் திருப்பாமல் விட்டால் வண்டி ஏற்றத்தில் இழுக்காது. எங்கள் கராஜ் வரிசையில் மே ஆறாம் தேதி, புனித ஜார்ஜ் நாளன்று காலை எல்லா ஆம்பிளைகளும் ஒன்றாக நின்று மூடியைக் கோடைக்குத் திருப்பி, ஆளுக்கொரு மடக்கு பிளம் சாராயம் குடிப்பார்கள். நவம்பரில் புனித திமித்ரி நாளன்று திரும்பவும் குளிருக்கு. எங்கள் வண்டியின் மூடி ஜூலை வெயிலில் குளிரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது, திருப்பலையா?"

"மறந்துட்டேன்."

"நீயா? என் பொறந்த நாளை மறப்ப, கல்யாண நாளை மறப்ப. முப்பத்தஞ்சு வருஷமா இதை மறந்ததில்லையே. அதுவும் ஒவ்வொரு ஃபில்டருக்கும் இந்த மூடியைத் திறந்து மூடியிருக்க. ஒவ்வொரு தடவையுமா மறந்த?"

துடைப்பதை நிறுத்தவில்லை. துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"வண்டி ஏறலேன்னா, ஏன் வரலேன்னு என்னை யாரும் கேக்க மாட்டாங்கல்ல," என்றார்.

எனக்கு அவரை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. ஸ்பானரை எடுத்து மூன்று நட்டையும் தளர்த்தி, மூடியை நானே கோடைக்குத் திருப்பி முறுக்கினேன்.

"சாவியைக் குடு. நான் ஓட்டறேன்."

"நீயா? கிளட்ச் மேலயே காலை வெச்சுத் தேய்ப்ப."

"தேஞ்சா தேயட்டும். நீ கண்ணை மூடிக்கிட்டு உக்காரு. ஆனா உக்காரு."

புனித எலியா நாளன்று விடியற்காலை கிளம்பினோம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எனக்குக் கியர் சொல்லிக்கொடுத்தார். பள்ளத்தாக்கு ஆரம்பித்ததும் வாய் நின்றது. முழங்காலும் நின்றது. அது எனக்குப் பயமாக இருந்தது. ஒரு குகைப்பாதையைத் தாண்டியதும், "இங்க நிறுத்து," என்றார்.

நிறுத்தினேன். கீழே ஆறு பச்சையாக ஓடியது. இவர் இறங்கவில்லை.

"பாறை விழறதுக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னாடி அந்த வாத்தியார் எழுந்து வந்தாரு. 'தம்பி, ஒரு சிகரெட் பிடிக்கணும், கொஞ்சம் நிறுத்தேன்'னாரு. லேட்டாயிடுச்சு, முடியாதுன்னுட்டேன்."

"கோர்ட்ல சொன்னியா?"

"யாரும் கேக்கலை."

என்னிடமும் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. அதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

இவர் சிகரெட்டை விட்டுப் பன்னிரண்டு வருடம். சட்டைப் பையிலிருந்து உடைக்காத புதுப் பாக்கெட் ஒன்றை எடுத்தார். இறங்கிப் போய், ஒன்றைப் பற்றவைத்து, எங்கள் ஊரில் செத்தவர்களுக்காகக் கல்லறைகளில் வைப்போமே அப்படி, சாலையோரக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தார். அது காற்றில் மெதுவாக எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். என் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஹாரன் அடிக்கக் கை போனதை இழுத்துக்கொண்டேன்.

கோயிலுக்குள் நாங்கள் நுழைந்தபோது சடங்கு பாதி முடிந்திருந்தது. முடிந்ததும் ரோசந்தா பையனைத் தூக்கிக்கொண்டு நேரே அப்பாவிடம் வந்தாள். கொடுக்கப் போனவள் மூக்கைச் சுளித்தாள்.

"என்னப்பா, மறுபடியும் சிகரெட்டா?"

"எனக்கில்லம்மா," என்று இரண்டு கையையும் நீட்டினார்.