சொல்லாத ஆமென்

எங்கள் வீட்டில் மாலைச் செபம் இராச்சாப்பாட்டுக்கு முன்னர்தான். இடியப்பமும் சொதியும் மேசைக்கு வந்து மூடியபடி இருக்கும். என் கணவர் கண்ணை மூடுவார். முதலில் தேசம், பிறகு திருச்சபை, பிறகு நோயில் கிடக்கும் வருத்தக்காரர், அதற்குப் பிறகே எங்கள் பிள்ளைகள். கர்த்தர் நீடிய பொறுமையுள்ளவர் என்பதை வேதத்தில் படித்ததைவிட இவருடைய செபத்தில் இருந்துதான் நான் நன்றாக அறிந்துகொண்டேன். சொதி ஆறி ஆடை படிந்துவிடும். "சாப்பாடு சூடாய் இருக்கேக்கை கர்த்தர் கேக்கமாட்டாரோ?" என்று பகிடி விடுவேன். பிள்ளைகள் சிரிப்பை அடக்கத் தலையை இன்னும் தாழ்த்துவார்கள். அவரும் கண்ணை மூடியபடியே சிரிப்பார்.

ஆனால் அந்தச் செபம்தான் இந்த வீட்டைக் கட்டியது. அதை நான் மறுக்கமாட்டேன். இடம்பெயர்ந்து போய் இருந்த இடங்களிலும் அது தவறவில்லை. சண்டை பிடித்தவர்கள் ஒருவரோடொருவர் கதைக்காமல் செபத்துக்கு வந்து உட்காரக்கூடாது என்பது அவருடைய சட்டம். அதனால் எனக்கும் அவருக்கும் வருகிற கோபதாபங்களும் மாலைக்கு மேல் நீண்டதில்லை. புதிதாகக் கலியாணம் கட்டியவர்களைப் போதகர் கோப்பாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைப்பார், குடும்பம் நடத்துவது எப்படி என்று பார்த்துப் படிக்கட்டும் என்று. அவர்களும் பார்த்தார்கள், படித்தார்கள், புட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

செபத்தின் முடிவில் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுப்பார். மூத்தவன், நடுவில் மகள், பிறகு இளையவன். மகன்மார் இருவரும் கனடாவுக்குப் போன பிறகும் அந்த ஒழுங்கு மாறவில்லை. கடைசியில் நான் ஆமென் சொல்லுவேன். அவர் செபிக்க நான் முடித்துவைப்பது கலியாணம் கட்டிய நாளில் இருந்து வந்த வழக்கம்.

மகளுக்குக் கரவெட்டியில் அரசாங்கக் கந்தோரில் வேலை. அங்கே கூட வேலை செய்தவரை விரும்பினாள். கடலோடிக் குடும்பம், சைவம். நல்ல பொடியன், இன்றைக்கும் அதைத்தான் சொல்லுவேன். பதிவாளரிடம் கலியாண எழுத்து முடிந்த பிறகு அவள் வந்து தகப்பனுக்கு முன்னால் நின்றாள்.

"நான் ஆண்டவரை விடேல்லை, அப்பா. என்ரை மனுசனும் விடச் சொல்லேல்லை," என்றாள்.

இவர் கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கத்தரிப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறப் போய்விட்டார். அன்றைக்கு மாலைச் செபத்தில் மூத்தவன் பெயர் வந்தது. பிறகு சத்தம் இல்லை. மகளின் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் சத்தம் இல்லை. அதற்குப் பிறகு இளையவன் பெயர் வந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை.

"இஞ்சரும், ஆமென் எங்கை?"

"செபம் முடியேல்லையே. ஒரு பிள்ளை மிச்சமிருக்கு."

அவர் தானே ஆமென் சொல்லிவிட்டு இடியப்பத்தைப் பிய்த்தார். அடுத்த நாளும் அப்படித்தான். வருஷக்கணக்கில் நாங்கள் அப்படியே இருந்தோம். அவர் பெயரை விடுவார், நான் ஆமெனை விடுவேன். போதகரோ இளசுகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். வந்தவர்கள் இருக்கும் நாட்களில் அவர்களே ஆமென் சொல்லிவிடுவார்கள். அதனால் வெளியில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அவர்மேல் பொல்லாத கோபம். அந்தப் பெயரைத் தேடித் தேடி வைத்தவரே அவர்தான். ஞானஸ்நானத்தின்போது போதகர் பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்க, கோயில் அதிரச் சொன்னவரும் அவர்தான்.

சனிக்கிழமைகளில் நான் பஸ் ஏறி, வல்லை வெளியைத் தாண்டி, மகளிடம் போவேன். ஒளித்துப் போனதில்லை, சொல்லிவிட்டே போவேன். திரும்பி வந்தால் இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"பஸ்ஸிலை சனமோ?"

அடுத்த கிழமை மகளிடம், "அப்பா உன்னைக் கேட்டவர்," என்பேன். தொடக்கத்தில் அவள் முகம் மலர்ந்தது. பிறகு என் பொய்யைப் பிடித்துவிட்டாள். "பஸ்ஸைத்தானே அம்மா கேட்டவர்?" என்று சிரிப்பாள்.

போன வருஷம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சும் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த நாட்களில் மகள் வந்து பக்கத்திலேயே இருந்தாள். நினைவு திரும்புகிறது என்றதும் எழும்பிவிட்டாள்.

"என்னைக் கண்டு அவருக்கு வருத்தம் கூடிப்போனால்? அவர் கூப்பிடட்டும் அம்மா, உடனை வாறன்."

வாய் இல்லாத மனிதர் எப்படிக் கூப்பிடுவார்? அதை நான் அவளிடம் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செபம் சொல்வது என் பொறுப்பாயிற்று. அவர் கட்டிலில், நான் பக்கத்தில் ஒரு கதிரையில். எனக்குச் சொந்தமாக ஒரு செபம் வரவில்லை. காலம் முழுவதும் கேட்ட அவருடைய செபம்தான் வந்தது, அதே தேசம், அதே திருச்சபை, அதே வருத்தக்காரர். மூத்தவன் பெயரைச் சொன்னேன். சற்று நின்றேன். இளையவன் பெயரைச் சொன்னேன். எந்தப் பெயருக்காக இத்தனை காலம் சண்டை பிடித்தேனோ, அந்தப் பெயரை என் வாயே தாண்டிப் போய்விட்டது. காது பழகிய வழியில் நாக்கும் போயிருக்கிறது.

நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவர்தான் கவனித்தார். ஆமென் சொல்ல வாயெடுத்தபோது இடது கையால் கட்டில் சட்டத்தில் தட்டினார். தண்ணீரோ என்று கேட்டேன். தட்டினார். தலையணையைச் சரிசெய்தேன். இன்னும் பலமாகத் தட்டினார். மோதிரம் மரத்தில் பட்டு டக்கு டக்கென்றது. அவருடைய கண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. திரும்பவும் மூத்தவனில் தொடங்கி, மகளின் பெயரைச் சொன்னேன். கை நின்றது. கண்ணீர் காதுப்பக்கமாக வழிந்து தலையணையில் இறங்கியது. நான் அழுதுகொண்டே ஆமென் சொன்னேன்.

உடனே போனை எடுத்தேன்.

"அப்பா கூப்பிடுறார், பிள்ளை."

"கதைக்கிறாரோ?"

"கதைக்கேல்லை. செபத்திலை உன்ரை பேரை நான் விட்டுட்டன். அதைச் சொல்லு எண்டு கட்டிலைத் தட்டினவர்."

"சரி அம்மா. விடிய முதல் பஸ்ஸிலை வாறன்," என்றாள். குரலில் அவசரம் இல்லை. பஸ்ஸைத்தானே கேட்டவர் என்று சிரிக்கும் அதே குரல்.

விடியப்புறம் அவருக்குப் பாரிசவாதம் இரண்டாம் முறை வந்தது. அவள் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது அவர் முகத்தை நான் துடைத்து முடித்திருந்தேன்.

செத்தவீடு முடிந்து மகன்மார் திரும்பிப் போன பிறகு அந்த மாலை நடந்ததை அவளுக்கு ஒன்றுவிடாமல் சொன்னேன். கட்டில் சட்டத்தைத் தட்டியும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அவர் தண்ணி கேட்டிருப்பார் அம்மா. என்னை ஆத்துறதுக்கு நீங்கள் சொல்லுறியள்."

கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இல்லாததை எல்லாம் சொல்லி அவளை ஆற்றி வைத்த எனக்கு, உள்ளதைச் சொல்ல வந்தபோது மதிப்பில்லாமல் போய்விட்டது. வாய் இருந்த காலத்தில் அந்த மனிதர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் நான் இதையெல்லாம் சொல்லவேண்டி வந்திருக்காது. அவரை மன்னிக்கும்படி செபிக்கிறேன். சில நாட்களில் மன்னிக்க முடிகிறது.

இப்போது சனிக்கிழமைகளில் அவள்தான் பஸ் ஏறி வருகிறாள். இடியப்பத்தையும் சொதியையும் மூடிவைத்துவிட்டுச் செபத்துக்கு இருக்கிறோம். மூத்தவன், மகள், இளையவன் என்று ஒழுங்கு தவறாமல் சொல்கிறேன். அவள் பெயரை மட்டும் கொஞ்சம் உரத்துச் சொல்கிறேன். முடித்துவிட்டு, அவள் ஆமென் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.

அவள் கண்ணைத் திறந்து, சொதிச் சட்டியின் மூடியை எடுக்கிறாள்.

"ஆறப்போகுது அம்மா, சாப்பிடுங்கோ," என்கிறாள்.