சிமெண்டுத் தரையில் ரேவதி அக்கா வரைந்த வட்டங்கள்

கம்பெனி பஸ் மண்ணூரைத் தாண்டும்போது சுமதியின் போன் ஒலித்தது. எடுத்துக் கேட்டவள் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். "ரேவதி அக்கா போய்ட்டாங்களாம் தேவி. காய்ச்சல்னு ஊருக்குப் போனாங்க இல்ல, அதுலயேதானாம்." முன் சீட்டில் யாரோ கேட்டுவிட்டு டிரைவரிடம் போய்ப் பாட்டை நிறுத்தச் சொன்னார்கள்.

அவர் ஊரான கோவில்பட்டி வரை போய்வர எங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைப்பாக்கத்தில் அவர் வாடகைக்கு இருந்த அறையில் கூடுவோம் என்றும், யாராவது நாலு பக்கம் எழுதி வர வேண்டும் என்றும் முடிவானது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேச வராதவள் எழுதட்டும் என்று நினைத்திருக்கலாம். நான் ஒன்பதாவதோடு நின்றவள். அழுதுகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நினைக்க நினைக்க அந்தச் சாக்பீஸ் நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது, கை பரபரக்கிறது. இதில் சந்தோஷம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவும் அப்படித்தான் இருந்தார்.

அவர் எங்கள் ஆலைக்கு வந்தது எங்கள் லைன் நின்றுகொண்டே இருந்ததால்தான். போன் சார்ஜருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு செய்யும் லைன் அது. பத்து ஸ்டேஷன், ஒவ்வொன்றிலும் ஒரு மெஷினும் ஒரு பெண்ணும். இரண்டாவது ஷிஃப்டில் நாலாவது ஸ்டேஷன் என்னுடையது. அஞ்சாவது சுமதியுடையது. சில நாள் ஷிஃப்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் என் மெஷினுக்கு முன்னால் போர்டுகள் குவிந்து லைன் நின்றுவிடும். சரிசெய்ய வருகிறவர் உள்ளே இருக்கும் போர்டுகளை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவார். ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

குவிவது எனக்கு முன்னால் என்பதால் பழியும் எனக்குத்தான். "இன்னாம்மா, உன்னாண்ட வந்தா மட்டும் நின்னுகினு கீது? பட்டனை ஒழுங்கா அமுக்கத் தெரியாதா?" என்று சூப்பர்வைசர் பாபு எல்லோர் முன்பும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த முறை அவர் கத்தவில்லை. "இன்னொரு தபா நின்னுச்சுன்னா நீ வூட்லயே இருந்துக்கோ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். பென்னலூரில் என் வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான்.

அந்த வாரம்தான் மெஷின்களுக்கு மென்பொருள் எழுதிய நிறுவனம் அக்காவை அனுப்பியது. இருபத்தாறு வயது. துப்பட்டாவில் மார்க்கர் மை. வந்ததும் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. என் ஸ்டேஷன் பக்கத்தில் கிடந்த காலி அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்து, அதில் வட்டம் போட ஆரம்பித்தார். என் பெட்டி என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

"பத்து மெஷின்லயும் பத்து மூளை இருக்கு. யாருக்கும் முழு லைனும் தெரியாது. பக்கத்து ஆளு சொல்லுதது மட்டுந்தான் தெரியும்" என்றார், யாரிடம் சொல்கிறோம் என்றே பார்க்காமல். ஒரு மெஷின் எந்தெந்த நிலையில் இருக்கலாமோ, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வட்டம். கை காலி. கையில் ஒன்று. வேலை நடக்கிறது. முடிந்தது, கொடுக்கக் காத்திருக்கிறது. பழுது. வட்டத்திலிருந்து வட்டத்துக்கு அம்பு. அவ்வளவுதான் அவர் படம். பிறகு சட்டென்று என்னைப் பார்த்தார். "ஒரு மெஷினுக்கு அஞ்சு வட்டம். பத்து மெஷினுக்கு எத்தன?"

"அம்பது" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"நானும் காலேஜ்ல அப்பிடித்தான் சொன்னேன். கூட்டக் கூடாது, பெருக்கணும். ஒண்ணு காலியா இருக்கும்போது இன்னொண்ணு அஞ்சுல எதுலயும் இருக்கலாம்லா?" கால்குலேட்டரைத் தட்டி என் முகத்துக்கு நேராக நீட்டினார். தொண்ணூற்றேழு லட்சத்துச் சொச்சம். நாங்கள் பத்துப் பேர் தினமும் உட்கார்ந்து எழுகிற லைனுக்குள் கிட்டத்தட்ட ஒரு கோடி நிலைகள் இருந்திருக்கின்றன. அன்று முழுக்க எனக்கு உடம்பு சிலிர்த்துக்கொண்டே இருந்தது.

கோடியையும் பார்க்க முடியாது, அதனால் பக்கத்துப் பக்கத்து மெஷின்களை இரண்டிரண்டாகப் பார்த்தால் போதும் என்பது அவர் வழி. அப்படிப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகவே ஆகியிருந்தது. ஒரு நாள் பஸ்ஸை விட்டுவிட்டோம். ஷேர் ஆட்டோ ஒன்று காலியாக நிற்க, நாலைந்து பேர் தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். "பாத்தியா, ஆள் நிறைஞ்சாத்தான் ஆட்டோ கெளம்பும். கெளம்புத ஆட்டோலதான் ஆள் ஏறும். ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டே நிக்கி" என்று சொல்லி, ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஏறுங்க, கெளம்பியாச்சு" என்று கூவினார். எல்லோரும் ஓடிவந்து ஏறிவிட்டார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்து, "யக்கா, டெய்லி வந்துருங்க" என்றார்.

ஆனால் எங்கள் லைனில் எது எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. படத்தில் எந்த வழியாகப் போனாலும் லைன் ஓடியது. நாளைக்குள் காரணம் சொல்ல வேண்டும் என்று மேலே கேட்டிருந்தார்கள். சொல்லாவிட்டால் காரணம் நான் என்று எழுதிவிடுவார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்று மாலை டீ நேரத்தில் கேன்டீனுக்குப் பின்னால், கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் அந்த வட்டங்களைப் பெரிதாக வரைந்தார். "தேவி, நீதான் நாலு. சுமதி அஞ்சு. மெஷின் மாதிரியே நடக்கணும்."

"இன்னாக்கா, டீ குடிக்கிற நேரத்துல பாண்டி ஆடச் சொல்றீங்க?" என்றாள் சுமதி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கூசியது. காலைப் பார்த்துக்கொண்டே போய் நின்றேன்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்க அம்பை ஒருத்தி மட்டும் தாண்டக் கூடாது. குடுக்கிறவளும் வாங்குறவளும் ஒரே நேரத்துல தாண்டணும். ஒருத்தி தயார் இல்லன்னா இன்னொருத்தி நிக்கணும்" என்றவர் என் காலைப் பார்த்தார். "ஏட்டி, ஏன் அங்க போயி நிக்க? முதல் வட்டத்துல நில்லு. ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லா மெஷினும் கை காலி."

நான் இரண்டாவது வட்டத்தில் நின்றிருந்தேன். 'கையில் ஒன்று' என்ற வட்டத்தில்.

அங்கே போய் நிற்க வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்கு முந்தின ஷிஃப்டில் அதே இடத்தில் உட்காருகிற கலா, எழுந்து போகும்முன் ஒரு போர்டை மெஷினுக்குள் வைத்துவிட்டுப் போவாள். ஷிஃப்ட் மாறினால், எத்தனை போர்டு முடித்தோம் என்று மெஷின் காட்டும் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும். அடுத்து வருகிறவள் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம், வந்ததும் ஒன்று விழட்டும் என்பதற்காக. சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் திட்டு விழும். கலா எனக்காக மட்டும் செய்வது என்று நான் நினைத்திருந்தேன். நானும் போகும்போது அவளுக்கு ஒன்று வைப்பேன். இதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

"எனக்கு இதுதான்க்கா ஆரம்பம். கலா உள்ள ஒண்ணு வச்சிட்டுத்தான் போவா" என்றேன்.

சுமதி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்து, அவளும் மெதுவாக இரண்டாவது வட்டத்துக்கு நகர்ந்தாள். "எனக்கும் வப்பாங்க" என்றாள். "டெய்லி இல்ல. அந்தப் பொண்ணு சீக்கிரம் முடிச்சிட்டா வப்பா."

"நடங்க" என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது.

என்னிடம் ஒன்று இருந்தது. சுமதி 'கை காலி' என்று சொன்னால்தான் நான் கொடுக்கலாம். சுமதியிடமும் ஒன்று இருந்தது, அதனால் 'காலி' என்று அவள் சொல்ல முடியாது. ஆனால் நான் கொடுத்ததாகச் சொல்லாதவரை அவள் அதைத் தொடக் கூடாது, அவள் கணக்கில் அப்படி ஒன்றே இல்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் நகர முடியாமல் நின்றோம். முதலில் சிரித்தது சுமதி. நான் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. அக்கா சாக்பீஸை வீசியெறிந்துவிட்டு வந்து எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும்தான் பயம் வந்தது. காரணத்தைச் சொன்னால் என் வேலை பிழைக்கும். ஆனால் கலாவும், ஐந்தாவதில் வைத்த பெண்ணும், இன்னும் எத்தனை பேரோ மாட்டுவார்கள். வைக்கிற வழக்கமும் நின்றுபோகும். "அக்கா, கலா பேரு வேணாம்க்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

மறுநாள் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப்போய் மூலையில் உட்கார வைத்தார். மெஷின் கை காலியாகத்தான் தொடங்கும் என்று தாங்களாக நினைத்துக்கொண்டதுதான் பிழை என்றும், அது தங்கள் நிறுவனத்தின் பிழை, லைனில் இருப்பவர்களுடையது அல்ல என்றும் சொன்னார். இனி ஒவ்வொரு மெஷினும் தொடங்குமுன் உள்ளே பார்த்துவிட்டு, எந்த வட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்தே தொடங்கும் என்றார்.

பாபு விடவில்லை. "அதெல்லாம் கரீட்டு மேடம். ஷிஃப்ட் முடிஞ்சப்பறம் உள்ள போர்டு வெச்சது யாரு?"

"யார் வச்சான்னு மெஷின் கேக்காது சார். இருக்கா இல்லையான்னுதான் கேக்கும்."

பாபு அவரையும் பார்த்தார், மூலையில் இருந்த என்னையும் பார்த்தார். பிறகு, "சரி, லைன் ஓடுனா போதும்" என்று எழுந்துவிட்டார். மென்பொருளை மாற்ற இரண்டு நாள் ஆனது. அதன் பிறகு என் மெஷின் முன் போர்டு குவிந்து லைன் நின்றதே இல்லை.

வேலை முடிந்தும் அவர் இங்கேயே தங்கி, சுற்றுவட்டத்து ஆலைகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். போகும் இடத்திலெல்லாம் முதலில் லைனில் இருப்பவர்களைத்தான் நடக்கச் சொல்வாராம். "ஒரு நாலாம் நம்பர்காரிட்ட கத்துக்கிட்டேன்" என்று உங்களில் சிலரிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. செய்தி வந்த பிறகு நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

செய்தி வந்த அன்றும் ஷிஃப்டுக்குப் போனோம். கலா ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தாள். மெஷின் உள்ளே பார்த்துக்கொண்டது, ஒரு நொடி நின்றது, நகர்ந்தது. முதல் போர்டு விழுந்தது. எண்ணிக்கை ஒன்று. பச்சை விளக்கு எரிந்தது. கண்ணீர் மறைக்க மறைக்க, கொஞ்ச நேரம் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிழித்த அந்த அட்டைப்பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. மார்க்கர் மங்கிவிட்டது. அதைத் தவிர அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்று உண்டு. முன்பெல்லாம் யார் முன்னால் நிற்க வேண்டி வந்தாலும் ஒன்பதாவதோடு நின்றவள், கையில் ஒன்றுமில்லாதவள் என்றே என்னை நினைத்துக்கொள்வேன். இப்போது முதலில் குனிந்து காலைப் பார்க்கிறேன், எந்த வட்டத்தில் நிற்கிறேன் என்று. ஞாயிற்றுக்கிழமை இதை யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லப் போவதில்லை. நானே எழுந்து நின்று வாசிக்கிறேன்.