அரைக் கட்டை கீழே ஒரு வாத்தியம்

வயலோன் என்றால் என்னவென்று யார் கேட்டாலும் சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் மனப்பாடமாக இருக்கிறது. டபுள் பாஸ் என்ற ஆளுயர வயலினுக்கு முன்னால் ஐரோப்பாவில் வாசித்த பெரிய வாத்தியம், ஆறு தந்தி, ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்தது, வீணைக்கு இருப்பதுபோல் மெட்டுகளும் உண்டு. நான் மெட்டுக்கு வருவதற்குள் கேட்டவர் போனைப் பார்க்கத் தொடங்கியிருப்பார். எங்கள் இசைக் கல்லூரியில் என்னைத் தவிர வேறு யாரும் அதைப் படிக்கவில்லை.

பள்ளியில் நான் வாசித்தது டபுள் பாஸ்தான். கல்லூரிக்கு வந்த முதல் வாரம் வாத்திய அறையின் மூலையில் இது சாய்ந்திருந்தது. சும்மா ஒருமுறை வில்லை வைத்து இழுத்தேன். டபுள் பாஸ் தரையை அதிரவைக்கும். இது பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசியது. அன்றைக்கே மனசு அதன் பின்னால் போய்விட்டது. துணைக்கு ஆள் இருக்குமா என்று யோசிக்கவே இல்லை.

ஆசிரியர் இருப்பது வெளிநாட்டில். ஆண்டுக்கு இரண்டு முறை வருவார், மற்றபடி வீடியோவில் பாடம். அடித்தந்தியின் நாதம் லேப்டாப் வழியாகச் சரியாகப் போகாது. என் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்து அவராக ஊகித்துத் திருத்துவார். நன்றாக இருக்கிறது என்று அவர் பாராட்டினால், எதைக் கேட்டுப் பாராட்டுகிறார் என்று எனக்குச் சந்தேகம் வரும்.

விடுமுறையில் ஒருமுறை வேன் பிடித்துச் சிராங்கூனில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். லிப்டுக்குள் வாத்தியம் போனது, எனக்குத்தான் இடமில்லை. அப்பா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து அரைமணி நேரம் கேட்டார். பிறகு மெதுவாக, "ஏம்மா, பாட்டு எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்றார். சிரித்தேன். அறைக்குள் போய் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டதில் தப்பில்லை. நான் வாசித்தது அடிக்குரல் மட்டும். அதன்மேல் பாடவேண்டிய வயலின்கள் என் தலைக்குள்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

மூன்றாம் ஆண்டில் குழுவாக வாசிக்கும் தேர்வு வந்தது. இரண்டு வயலின், பியானோவுக்கு முந்தைய ஹார்ப்சிகார்ட் ஒன்று, நான். ஆள் பிடிக்க நாயாக அலைந்தேன். கடைசியில் என்னைவிட ஓராண்டு இளைய தமிழ்ப் பெண் ஒருத்தி முதல் வயலினுக்குச் சம்மதித்து, மற்ற இருவரையும் அவளே கூட்டிக்கொண்டு வந்தாள். முதல் ஒத்திகை முடிந்து நால்வரும் கேன்டீனில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடித்தோம். மூன்று வருடத்தில் அங்கே நான் தனியாக உட்காராத முதல் நாள் அது.

ஒரே சிக்கல், சுருதி. வயலோனின் சுருதி இன்றைய சுருதியைவிட அரைக் கட்டை கீழே. ஹார்ப்சிகார்டில் இரண்டுக்கும் வசதி உண்டு. வயலினையும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் என்ன ஸ்வரமென்று சொல்லிவிடும் காது.

"அரைக் கட்டை எறக்குனா தலை வலிக்குதுக்கா. நோட்டுல ஒண்ணு இருக்கு, காதுல வேற கேக்குது. நீங்க ஏத்திக்குங்களேன்," என்றாள்.

குடல் தந்தி அதைத் தாங்காது, ஏற்றவே கூடாது என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். நான் "ஓகே லா" என்றேன். சொல்ல ஒரு விநாடிகூட எடுக்கவில்லை. எங்கே முடியாதென்றால் போய்விடுவார்களோ என்ற பயம்தான், வேறென்ன.

கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி ஏற்றினேன். மூன்றாவது ஒத்திகையில் இரண்டாம் தந்தி அறுந்து மணிக்கட்டில் சுளீரென்று அடித்தது. அந்தப் பெண் பதறி ஓடிப்போய்ப் பிளாஸ்டர் வாங்கிவந்து ஒட்டிவிட்டாள். புதுத் தந்தி வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். தேர்வுக்கு ஒன்பது நாள்.

ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குள் போய்த் தடிமனான நைலான் நரம்பு கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, என்ன மீன் என்று விசாரித்தார். பெரிய மீன் என்றேன். வாங்கி வந்து மாட்டினால் துணி காயப்போடும் கொடியைத் தட்டியதுபோல் சத்தம். கழற்றி எறிந்தேன்.

இரண்டு வழி இருந்தது. தேர்வை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போட்டு, ஆசிரியர் வரும்போது குழுவுக்குப் பதிலாக வயலோனில் தனியாக ஒரு உருப்படி வாசிக்கலாம். அல்லது பழைய டபுள் பாஸையே எடுத்துக்கொண்டு இவர்களோடு இப்போதே வாசிக்கலாம். "மாடர்ன் பாஸ் வாசிங்கக்கா, சிம்பிள். நாலு பேரும் சேந்து முடிச்சிடலாம்," என்றாள் அவள். நாலு பேரும் சேர்ந்து என்றது மட்டும் என் காதில் நின்றது. இன்னும் ஒரு பருவம் பயிற்சி அறையில் தனியாக உட்காரத் தெம்பில்லை.

டபுள் பாஸில் வாசித்தேன். நன்றாகவே போயிற்று, நல்ல மதிப்பெண். மத்தியானம் நால்வரும் லிட்டில் இந்தியாவுக்குப் போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ரசத்துக்கு வந்தபோது அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, உண்மையச் சொல்லவா? அந்தத் தந்தி அறுந்ததுக்கு நீங்க அவ்வளவு கவலப்பட்டீங்க. எனக்கு ரெண்டு பாஸும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு. வித்தியாசமே தெரியல லா."

கிண்டல் இல்லை. என்னைத் தேற்றத்தான் சொன்னாள். மற்ற இருவருக்கும் அதையே ஆங்கிலத்தில் சொன்னாள், அவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அரைக் கட்டை இறங்கினால் தலை வலிக்கும் காதுக்கு இது கேட்கவில்லையா என்று கத்தலாம் போலிருந்தது. ஆனால் அவளிடம் கத்தி என்ன ஆகப்போகிறது. இந்த ஊரில் அந்த வித்தியாசம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த ஒருத்தியும் அன்றைக்கு டபுள் பாஸைத்தான் எடுத்து வாசித்தாள்.