எல்லாம் நலம் என்று வந்த தாள்கள்

தொண்ணூறுகளில் பின்னலாடை ஆலை ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை பார்க்க மொரீஷியஸ் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போகாமல், தமிழில் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருள் எழுதினேன். இலவசம். மூல நிரலையும் அதே பிளாப்பியில் போட்டு மாலைநேரத் தமிழ் வகுப்புகளுக்குக் கொடுத்தேன். கூடவே பிழை கண்டால் எழுதி அனுப்ப ஒரு தாள். ஆங்கிலத்தில் பன்னிரண்டு கேள்விகள். பரீட்சை வினாத்தாள் தோற்றுப்போகும். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

கேள்விகளை ஆறாக்கினேன். அப்புறம் ஆலையில் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டு, அங்கே எல்லோரும் பேசும் க்ரியோலில் ஒரே கேள்வியாக்கினேன்: என்ன நடந்தது? தாள்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே பதில்: எல்லாம் நலம், நன்றி. பிழையே இல்லாமல் எழுதிவிட்டேன் என்று நம்பினேன். அவ்வளவு திமிர் எனக்கு.

ரோஸ் ஹில் என்ற ஊரின் வகுப்பு ஆசிரியை தைப்பூசக் காவடிக்கு என் மென்பொருளில் பாட்டுப் புத்தகம் அடித்துக்கொண்டிருந்தார். பாட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ் பேச ஆளில்லை. காவடிக்குப் பத்து நாள் இருக்கும்போது பார்க்கப் போனேன். புத்தகம் முடியவில்லை. ஏன் என்று கேட்டதற்கு ஒரு நோட்டைக் காட்டினார்.

'திங்கள்: இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு காணவில்லை. எதையோ தப்பாக அழுத்திவிட்டேன். செவ்வாய்: திரும்ப அடித்தேன். அதே இடம். கவனம் போதாது.' ஏழு முறை அடித்திருந்தார்.

அங்கே பாட்டுப் புத்தகத்தில் தமிழ் வரிக்குக் கீழே அதையே பிரெஞ்சு எழுத்தில் போடுவது வழக்கம். பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் பாடுவார்கள். நானோ தமிழை மட்டும் அடித்துச் சோதித்திருந்தேன். இரண்டும் கலந்தால் என் மென்பொருள் இரண்டு பக்கத்துக்கு மேல் சேமிக்காது. என் பன்னிரண்டு கேள்விக்கும் அந்த நோட்டில் பதில் இருந்தது.

"இதை ஏன் தாள்ல எழுதலை?"

அங்கே ஐயா என்பதற்கு மிஸ்யே என்பார்கள். "அந்தத் தாள் ப்ரோக்ராமுக்கு, மிஸ்யே. இது மோ ஃபோட். என் தப்பு. என் தமிழ் சின்னது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று மாலையே அரைமணி நேரத்தில் சரிசெய்து, மறுநாள் பிளாப்பியோடு போனேன். அதற்குள் இந்த வருஷம் புத்தகம் இல்லை என்று கோயிலில் சொல்லிவிட்டாராம். வகுப்புக்கும் தனக்குப் பதிலாக இந்தியாவிலிருந்து வேறு ஆசிரியர் யாரையாவது பார்க்கச் சொல்லிவிட்டாராம்.

"தப்பு என்னோடதுங்க," என்றேன்.

"நீங்க நல்ல மனசு, மிஸ்யே."

அவர் கண்முன்னாலேயே அந்தப் பாட்டை இரண்டு எழுத்திலும் அடித்து, மூன்றாம் பக்கம் வரை கொண்டுபோய்ச் சேமித்துத் திறந்து காட்டினேன். ஒரு வரிகூடப் போகவில்லை. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். உட்காரவில்லை.

"நீங்க அடிச்சா வரும்," என்றார்.